பொட்டு வைத்த ரிலே

கொழிஞ்சாம்பாறை,
3.6.2025

அம்மிணி இந்துவுக்கு,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறே. வாட்சப்புல நான் அனுப்புனதுக்கெல்லாம் ஒத்தை டிக்குதான் நிக்குது, என்னைய அடைச்சுப்போட்டியாட்ட இருக்குது. கடைப்பசங்க போன்ல இருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வெச்சுப்போட்டே. சரி, தபால்காரரையாவது திருப்பி அனுப்பமாட்டீன்னு நெனச்சு எழுதறேன். காயிதம் எழுதி எத்தனை வருசமாச்சோ, கை ஓடமாட்டேங்குது.

உன்ர அக்கா வேலுத்தாயி கை மிஷின்ல மாட்டுனதைப் பத்தி நம்ம பார்சல் வண்டி ஜிஜி சொல்லித்தான் தெரியும். கேட்டதுல இருந்து சோறு எறங்கலை. ஊட்டுல ஜீவிதாவும் அழுதுட்டா. நான் உங்க எஸ்டேட் லயத்து ஊட்டுக்கு வந்தப்பவெல்லாம் அக்கா கையால காப்பி குடிக்காம எறங்கி வந்ததில்லை. ஆசுபத்திரி செலவு எதுனாலும் என்ரகிட்ட சொல்லு.

ஜிஜி இன்னொண்ணும் சொன்னான். மூடி தொறந்திருக்கையில ரோலர் சுத்துனதுக்கு நான் குடுத்த சேஃப்டி ரிலேதான் காரணம்னு நீ தேயிலை பேக்டரி பூராவும் பேசிட்டிருக்கியாமா. ஏம்மிணி, கஞ்சிக்கோட்டுல நம்ம மிஷின் சாமான் கடைக்குப் பேரு இருக்குது. இந்தப் பக்கம் அரிசி மில்லுல இருந்து அந்தப் பக்கம் சக்குபள்ளம் ஏலக்காய் ஸ்டோரு வரைக்கும் நம்ம சரக்கு ஓடுது. ஒருத்தரும் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ வாங்குனது பெட்டியோட, சீலோட, பில்லோட வந்த சரக்கு. கம்பெனிக்கே எழுதிக் கேட்டு, நம்பர் அசல்தான்னு நீயே என்ரகிட்டச் சொன்னே. மறந்துபோச்சா?

அங்க வேலை செய்யறவிங்க எத்தனை பேரு அவசரத்துக்கு மூடியில இருக்கற சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டி வெச்சு ஓட்டறாங்கன்னு எனக்குத் தெரியாதா. அக்காவைச் சொல்லலை. ஆனா அப்படியும் இருக்கலாமில்ல, சித்த ரோசனை பண்ணு. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வந்த புள்ளைக்குக் கடையில நாலு வருசம் தொழில் சொல்லிக் குடுத்து, பூபதிராஜா மேனேஜர்கிட்ட நானே பேசி அந்த பேக்டரில உக்கார வெச்சேன். அந்த நன்றிக்குச் சொல்லலை, நியாயத்துக்குச் சொல்றேன். வாயை அடக்கி வையி. பேரு ஒருக்கா போனா திரும்ப வராது.

அண்ணன்,
மோகனசுந்தரம்


தேவிகுளம்,
9.6.2025

மோகனண்ணனுக்கு,

கடிதம் வந்துச்சு. அக்கா கையைப் பத்தி நாலு வரி, உங்க கடைப் பேரைப் பத்தி மிச்சம் அம்புட்டும். நல்லா இருக்கு.

போன் எடுக்காததுக்குக் கோபம் மட்டும் காரணம் இல்ல. நீங்க பேசினா நான் தலையாட்டிடுவேன். நாலு வருசமும் உங்க கடையில அப்படி ஆட்டினவதானே. பேப்பர்ல எழுதும்போது ஆட்ட வேண்டியதில்ல.

ஜிஜி பாதிதான் சொல்லியிருப்பான். மீதியை நான் சொல்றேன். கொழுந்தை நசுக்குற சிடிசி மிஷின்ல அடைச்சுக்கிட்டா நிப்பாட்டிட்டு, மூடியைத் திறந்து, கையை விட்டுத்தான் எடுக்கணும். அக்கா அன்னைக்கும் நிப்பாட்டிட்டுத்தான் திறந்தா. அந்தக் கோடியில நின்ன பெர்சி இவளைப் பார்க்கலை, ஸ்டார்ட் பட்டனை அமுக்கிட்டான். மூடி திறந்திருந்தா எவன் அமுக்கினாலும் ரோலர் சுத்தக் கூடாது. அதுக்குத்தானே உங்ககிட்ட அந்த ரிலேயை வாங்கினோம். சுத்திடுச்சு. அக்கா போட்ட சத்தம் மிஷின் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு. அவ வலது கை இனிமே சோறு பிசையாது. பெர்சி அன்னையிலருந்து காய்ச்சல்ல கிடக்கான்.

இப்ப நீங்க எழுதினதையேதான் மேனேஜரும் சொல்றார். அக்கா சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டிட்டாளாம். ஒரு துண்டுக் கம்பியைக் கொண்டாந்து மேசை மேல வச்சிருக்கார். அது எங்கிட்டுருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. மிஷின்ல இருந்த ரிலேயை அன்னைக்கே கழட்டி எங்கேயோ போட்டுட்டாங்க, கேட்டா தேடுறோம்ங்கறாங்க. வர்ற மாசம் அன்வேஷணம், அதான் விசாரணை. லேபர் ஆபீஸ்ல இருந்தும் ஒரு சார் வந்து உக்காருவார். அக்கா கட்டினான்னு முடிவானா வேலை போச்சு, நஷ்டஈடும் இழுபறிதான். கட்டலைன்னு ஆனா, கிரெச்சுல பிள்ளைங்களைப் பார்க்க உக்கார வச்சாவது சம்பளம் குடுத்தாகணும். புருசன் இல்லாத அக்காவுக்கு அவ மக ஆர்த்தியைப் படிக்க வைக்க வேற என்ன வழி இருக்கு?

நம்பர் அசல்னு நானே சொன்னேன், வாஸ்தவம். நீங்க சொல்லிக் குடுத்த எல்லாத்தையும் பார்த்தேன். எழுத்து மங்கலா இருக்கா, சீல் பிரிச்சு ஒட்டியிருக்கா, கையில தூக்கினா கனம் சரியா இருக்கா. எல்லாம் சரியா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். கம்பெனியோட கொச்சி டீலரு சரக்கு வர மூணு மாசம் ஆகும்னு சொன்னப்ப, நீங்க மட்டும் ஒரு வாரத்துல கொண்டாந்து குடுத்தீங்க. விலையும் இறங்கியே இருந்துச்சு. எப்படிண்ணேன்னு கேட்டேன். "எனக்கு வழி இருக்குது அம்மிணி, நீ மிஷினை ஓட்டு"ன்னு சிரிச்சீங்க. வேற எவன் அப்படிச் சொல்லியிருந்தாலும் சட்டையைப் பிடிச்சிருப்பேன். நீங்க சொன்னதால வாயை மூடிக்கிட்டேன்.

அன்னைக்கு ரெண்டு வாங்கினோம்ல. ஒண்ணை மாட்டினோம், இன்னொண்ணு ஸ்டோர்ல இருந்துச்சு. அதை இதோட பார்சல்ல அனுப்புறேன். என்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி அதுதான். நான் பிரிக்கலை. பிரிச்சா இவதான் உள்ள எதையோ பண்ணிட்டாம்பீங்க. உங்க கையாலயே பிரிச்சுப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் பேரைப் பத்தி எழுதுங்க.

இந்து


கொழிஞ்சாம்பாறை,
17.6.2025

இந்துவுக்கு,

பார்சல் வந்துச்சு. கடையில பிரிக்க மனசு வரலை, பசங்க இருக்கறாங்க. ஊட்டுக்குக் கொண்டாந்து சாப்பிடற மேசையில வெச்சுப் பிரிச்சேன். ஜீவிதா பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தா.

பொய் சொல்ல வரலை. அது புதுசில்லை. வெளிக்கூடு பளபளன்னு பாலீஷ் போட்டு, லேபிள் புதுசா ஒட்டி, ஓரமெல்லாம் பசை வெச்சிருக்கறாங்க. உள்ள இருக்கறது பழசு. ரெண்டு வாய் இருக்குமில்ல, ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் இன்னொண்ணு கரண்டை வெட்டறதுக்கு. அதுல ஒண்ணு செத்துப்போயி, அதைச் சுத்தி ஒரு கம்பித்துண்டை வெச்சுப் பத்தவெச்சு, வேலை செய்யறாப்பல பண்ணிப்போட்டாங்க. மாட்டறப்ப நீ சோதிச்சா நல்லாத்தான் நிக்கும். மிச்சமிருக்கற வாயும் ஒரு நாளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் அதை நிறுத்தறதுக்கு ஆளில்லை. மேனேஜரு சொல்ற கம்பி சுவிட்சுல இல்லை அம்மிணி, இதுக்குள்ளதான் இருக்குது.

கோயமுத்தூருல ஒரு ஆளுகிட்ட வாங்குனேன். அவன் டீலரு இல்லை. மூடுன மில்லுகள்ல மிஞ்சுன சரக்கு, பெட்டி பிரிக்காததுன்னு சொன்னான், நானும் அதுக்கு மேல கேட்டுக்கலை. இப்ப அவன் நம்பரு உபயோகத்துல இல்லை. கேக்காம விட்டது என்ர தப்புதான், ஒத்துக்கறேன்.

ஆனா இன்னொண்ணு இருக்குது, அதையும் சொல்லிப்போடறேன். காத்துப் போறதுக்கு மேல சந்து சந்தா இருக்குமில்ல, அதுக்குள்ள செவப்பா என்னமோ ஒட்டியிருந்துச்சு. துருன்னு நெனச்சுத் தொடைச்சேன். விரல்ல ஒட்டுச்சு. மோந்து பாத்தா சந்தன வாசம். ஜீவிதாதான் சொன்னா, இது குங்குமமுங்கன்னு.

ஏம்மிணி, பேனலைத் தொறந்து உள்ளுக்குள்ள ஒவ்வொரு ரிலேயா சந்தனமும் குங்குமமும் வெக்கற பேக்டரி எது? நான் எத்தனையோ ஊருல ஆயுத பூசைக்குப் போயிருக்கறேன், எல்லாரும் பேனல் கதவுல ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிருவாங்க. அக்கா தட்டைப் பிடிக்க, நீ விரலை நனைச்சு நனைச்சு வெச்சதை உங்க பேக்டரியிலதான் பாத்தேன். பழைய பில்லையெல்லாம் தேடி லேபிள் நம்பரைப் பாத்தேன். அஞ்சு வருசத்துக்கு முந்தி அசல் டீலருகிட்ட வாங்கி நானே உனக்கு அனுப்புன ரிலே அது. அதனாலதான் கம்பெனிக்காரன் நம்பரு அசல்தான்னு சொல்லியிருக்கறான். உங்க ஸ்டோர்ல செத்ததை எவனோ எடுத்து, கழுவி, பூசி, உனக்கே வித்திருக்கறான். நடுவுல நான்.

செத்த சாமானைச் சுத்தியல்ல அடிச்சு உடைச்சு, லேபிளைக் கிழிச்சுப்போட்டுத்தான் வெளிய அனுப்போணும்னு உனக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தேன். நீ உடைச்சியா?

அங்க நீ என்ர பேரைச் சொன்னீன்னா, நானும் இதைச் சொல்லித்தான் ஆகோணும். அப்ப ரெண்டு பேருமே போவோம். ரோசனை பண்ணு. பேசாம இருந்தீன்னா, கஞ்சிக்கோட்டுல கடையை ஒட்டுன ஊடு காலியாத்தான் இருக்குது. அக்காவையும் ஆர்த்தியையும் கூட்டிட்டு வந்துரு, வேலை நான் தாரேன்.

மோகனசுந்தரம்


தேவிகுளம்,
24.6.2025

மோகனண்ணனுக்கு,

உடைக்கலை.

ஏன்னு கேப்பீங்க. எங்க லயத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்டோர்ல கழிச்ச சாமானை எல்லாம் கோயில் கமிட்டிக்குக் குடுக்கிறது வழக்கம். அதை அவங்க பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்கார சுவக்கீனுக்கு எடைக்குப் போட்டு, மேளத்துக்கும் அன்னதானத்துக்கும் சேர்ப்பாங்க. போன வருசத்துக்கு முந்தின பங்குனியில நான் சுத்தியலை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். செத்துப்போன ரிலே ரெண்டு, அதோட காலிப் பெட்டிகள், இன்னும் என்னென்னமோ கிடந்துச்சு. அப்ப என் பக்கத்துல ஒருத்தர் வந்து, பொட்டு வச்ச சாமானை உடைக்கலாமாடி, அதுவும் அம்மனுக்குன்னு போறதை, வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்னாங்க. எனக்கும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. சுத்தியலைக் கீழ வச்சுட்டு, அப்படியே சாக்குல கட்டி விட்டேன். பெட்டிகூடக் கசங்காமப் போச்சு.

அந்த ஒருத்தர் அக்காதான். தட்டைப் பிடிச்சிருந்ததா நீங்க எழுதியிருக்கீங்களே, அவளேதான்.

உங்க கடிதத்தை அவகிட்டக் காட்டலை, சொல்லவும் இல்ல. சொன்னா அவ உசுரோட இருக்கமாட்டா. நீங்களும் சொல்லக் கூடாது. இது ஒண்ணைத்தான் உங்ககிட்டக் கெஞ்சிக் கேக்கிறேன், மத்ததெல்லாம் கெஞ்சல் இல்ல.

என் தப்பை நீங்க எடுத்துச் சொன்னதுல எனக்குக் கோபம் இல்ல. கண்டுபிடிச்ச உடனே அதைக் கையில சாட்டையா எடுத்துக்கிட்டீங்களே, அதைத்தான் தாங்க முடியலை. நான் மூடத்தனத்துல விட்டேன். நீங்க தெரிஞ்சும் கேக்காம விட்டீங்க. ரெண்டும் ஒண்ணாண்ணே? மில்லு மூடினா பெட்டி பிரிக்காத ரிலே மிஞ்சும்னு கோயமுத்தூர்க்காரன் சொன்னா, அதை நம்புற ஆளா நீங்க? கடைக்கு வர்ற சின்னப் பசங்ககிட்ட, வழி தெரியாத சரக்கைத் தொடாதேன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தவர் நீங்க.

இப்ப என் நிலைமையைக் கேளுங்க. லயத்து வீடு என் பேர்ல இருக்கு. நான் வேலையில இருந்தாத்தான் வீடு. ஸ்டோர்ல கழிச்ச சாமானை உடைக்காம வெளிய விட்டேன்னு நான் வாயைத் திறந்தா, மெமோ குடுத்து வெளிய அனுப்புவாங்க. அக்கா, ஆர்த்தி, நான், மூணு பேரும் மழையில நிக்கணும். வாயைத் திறக்கலைன்னா அக்கா கம்பி கட்டினவ ஆயிடுவா. இந்த ரெண்டுல எதை எடுத்தாலும் உங்க கடை திறந்தே இருக்கும்.

ஒரே ஒரு வழிதான் இருக்கு. நீங்க வரணும். அந்த ரிலேயைக் கொண்டாந்து மேசையில வச்சு, பழசைப் புதுசுன்னு சொல்லி வித்தது நான்தான், இந்து பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துத்தான் வாங்கினான்னு சொல்லணும். விக்கிறவர் வாயால அது வந்தா, என் தப்பு சின்னதாத்தான் தெரியும். உங்க கடிதத்தை நீட்டினாலும் நானே எழுதிக்கிட்டதும்பாங்க. நான் சொன்னா சாக்கு, நீங்க சொன்னா சாட்சி. அன்வேஷணம் ஜூலை பத்தாம் தேதி காலையில, எங்க எஸ்டேட் கிளப் ஹால்ல.

வீடு தரேன்னு எழுதினீங்களே, வேண்டாம். அந்த ஆளுகிட்ட வாங்கின மிச்ச சரக்கு எங்கெங்க மாட்டியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அங்கயும் ஒரு கை உள்ள போகும். முதல்ல அதைப் பாருங்க.

இந்து


கொழிஞ்சாம்பாறை,
1.7.2025

இந்துவுக்கு,

நீ எழுதுனதை நாலஞ்சு தரம் படிச்சேன். கோபம் வந்துச்சு, அப்புறம் போயிருச்சு.

மிச்சத்தைக் கேட்டிருந்தே. சக்குபள்ளத்துல ஏலக்காய் டிரையருல ஒண்ணு, மறையூருப் பக்கம் வெல்ல ஆலையில ஒண்ணு, இங்க எலப்புள்ளிப் பக்கம் ரெண்டு. எல்லாத்தையும் நானே நேருல போயிக் கழட்டிட்டேன்; அந்த மாடலெல்லாம் அசல் டீலருகிட்டவே கையிருப்பு இருந்துச்சு, அதை வாங்கி மாட்டிட்டு வந்துட்டேன். கம்பெனியில புதுசா மாத்தித் தாராங்க, இனாமுன்னு சொன்னேன். டிரையருக்காரரு டீ வாங்கிக் குடுத்து, உங்களையாட்ட ஆளு இந்தக் காலத்துல யாருங்க இருக்கறாங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. டீயைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வாரேனா வரலையான்னு கேக்கறே. ஜீவிதா வேண்டாங்கறா. கடையில மூணு குடும்பம் சாப்பிடுது, போலீசு கேசுன்னு வந்தா எல்லாம் போயிரும், அந்தப் புள்ளைக்கு வேற என்ன வேணும்னாலும் செய்யலாங்கறா. அவ சொல்றதும் தப்பில்லை. எங்கப்பன் மாரப்பன் பேருல நடக்கற கடை. தோட்டத்தை வித்துப் போட்ட கடை அது. எங்க சொந்தம், ஒறம்பரையில எவனும் யாவாரத்துக்குப் போனதில்லை, நாந்தான் போனேன். தொலைஞ்சுபோவேன்னு அன்னிக்கே பேசுனாங்க.

இப்படியெல்லாம் எழுதறேன்னு ஏசாதே. உனக்கு எழுதாம இதையெல்லாம் நான் ஆருகிட்டச் சொல்றது?

வாரேன். பத்தாம் தேதி காலையில வந்தர்றேன். ரிலேயையும் கொண்டாறேன். அங்க வந்து என்ன பேசுவேன்னு இப்ப எழுதச் சொல்லாதே, எழுத வரமாட்டேங்குது. ஆனா வந்துருவேன்.

மோகனசுந்தரம்


கொழிஞ்சாம்பாறை,
13.7.2025

அம்மிணி இந்துவுக்கு,

நீ என்னைய பாத்த பார்வையை மறக்க முடியலை. அதனாலதான் எழுதறேன். படிச்சாலும் சரி, கிழிச்சுப்போட்டாலும் சரி.

நான் சொல்லத்தான் வந்தேன். இது சத்தியம். பின்வரிசையில உக்காந்திருந்தேன், மடியில பை, பைக்குள்ள ரிலே. நீ எந்திரிச்சுப் பேசறப்பவே ஜிப்பைத் தொறந்துட்டேன். நீ ஒளிக்காமச் சொன்னே. ரிலே போலி, உள்ள கம்பி வெச்சிருக்குது, அது நம்ம ஸ்டோர்ல கழிச்சது, பொட்டு வெச்சதுன்னு உடைக்காம நான்தான் விட்டேன்னு. அக்கா பேரை எடுக்கவேயில்லை. மேனேஜரு, ஓகோ அப்ப நீயா குற்றவாளின்னு கேட்டு எழுத ஆரம்பிச்சாரு. லேபர் ஆபீசு சாரு, அந்த ரிலே எங்க இருக்குதுன்னு கேட்டாரு. கொண்டு வந்திருக்கறவரு இங்கதான் இருக்கறாருன்னு நீ என்னையத் திரும்பிப் பாத்தே. நான் எந்திரிச்சேன். பாதி எந்திரிச்சுட்டேன் இந்து, நீயே பாத்திருப்பே.

அதுக்குள்ள அக்கா எந்திரிச்சுட்டாங்களே. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கிட்டு, "என் தங்கச்சி என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றா சார். கம்பியைக் கட்டினது நான்தான்"னு சொன்னாங்க. அவிங்க அப்படிச் சொன்ன பொறவு நான் என்னத்தை எடுத்து வெக்கறது? ஆருக்குன்னு வெக்கறது? அவிங்க சொன்னதைப் பொய்யின்னு ஆக்குனா, உனக்கு வேலையும் போயி ஊடும் போயிருமேன்னு நெனச்சேன். உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் உக்காந்தேன்.

அக்காவுக்கு மாசாமாசம் என்னால ஆனதை அனுப்பறேன். ஆர்த்தி படிப்பு என்ர பொறுப்பு. ஒரு வார்த்தை எழுது, திட்டியாவது எழுது.

அண்ணன்,
மோகனசுந்தரம்


தேவிகுளம்,
21.7.2025

மோகனசுந்தரம் அவர்களுக்கு,

திட்டிச் சொல்ல ஒண்ணும் இல்ல. நடந்ததை மட்டும் எழுதுறேன், நீங்க வேற மாதிரி ஞாபகம் வச்சுக்கக் கூடாதுன்னு.

நீங்க எந்திரிச்சது நிஜம், பார்த்தேன். அக்கா எந்திரிச்ச உடனே நீங்க உக்காந்ததையும் பார்த்தேன். உக்காரும்போது உங்க நெஞ்சு இறங்கிச்சு. எத்தனையோ நாளா அடக்கி வச்சிருந்த மூச்சு மாதிரி விட்டீங்க. உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்னு எழுதியிருக்கீங்க. இருக்கலாம். ஆனா அது நினைப்பு. மூச்சு அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு.

அக்கா ஏன் அப்படிச் சொன்னான்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா? வீட்டுக்கு வந்து நான் அவளை அடிக்காத குறையாக் கத்தினேன். அவ அடுப்புல தண்ணி வச்சுக்கிட்டே கேட்டா. பொட்டு வச்ச சாமானை உடைக்காதேன்னு சொன்னது யாருடி, நான்தானே, நீ என் பேரை மறைச்சா எனக்குத் தெரியாமப் போயிடுமாங்கறா. நீ அங்க நின்னு சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு, கை போனது போனதுதான், வீடும் போகணுமாங்கறா. நான் சொல்லாம வச்சிருந்ததை அந்த ஹால்ல நானே அவ காதுல போட்டுட்டேன். அவளைக் காப்பாத்துறேன்னு நினைச்சுத்தான் அவ்வளவும் பேசினேன்.

தீர்ப்பும் வந்துடுச்சு. பாதுகாப்பு சுவிட்சைக் கட்டினதுக்காக அக்காவை வேலையில இருந்து எடுத்தாச்சு. மனிதாபிமானமா ஏதோ ஒரு உதவித்தொகை குடுப்பாங்களாம். எனக்கு எச்சரிக்கை மெமோ, அவ்வளவுதான். தங்கச்சி பாசத்துல பொய் சொன்னதா எழுதியிருக்காங்க. வேலை இருக்கு, வீடு இருக்கு. பேக்டரி வாசல்ல ஒரு போர்டு மாட்டியிருக்காங்க, சுவிட்சைக் கட்டினா என்ன ஆகும்னு. பேர் போடலை. போட வேண்டியதும் இல்ல, லயத்துல பிள்ளைங்க முதக்கொண்டு அக்காவைக் கம்பி கட்டினவங்கறாங்க. ஆர்த்தி பஸ்ஸுக்குச் சுத்து வழியாப் போறா.

புது ரிலேக்கு கொச்சி டீலர்கிட்ட ஆர்டர் போட்டேன். வர மூணு மாசம் ஆகும்னுட்டாங்க. அதுவரைக்கும் அந்த மிஷினைப் பூட்டி சாவியை நான் வச்சிருக்கேன். மேனேஜர் தினமும் வந்து கத்துறார். கஞ்சிக்கோட்டுல கேட்டா ஒரு வாரத்துல கிடைக்குமே, கேட்டா என்னங்கறார். கேக்கமாட்டேன்னுட்டேன். ஏன்னு சொல்லி என்ன ஆகப்போகுது.

மாசாமாசம் எதையும் அனுப்பாதீங்க. ஆர்த்தி படிப்பும் உங்க பொறுப்பு இல்ல. சக்குபள்ளத்துலயும் மறையூர்லயும் மாத்தினீங்களே, அதுக்கு மட்டும் நன்றி. அங்க போய்ப் பொய் சொன்னாலும் சரக்கை மாத்தினீங்க. இங்க வந்து பொய்கூடச் சொல்லலை, சும்மா உக்காந்திருந்தீங்க.

கடைசியா நடந்தது ஒண்ணு உங்களுக்குத் தெரியாது. நீங்க அதுக்குள்ள வாசலுக்குப் போயிட்டீங்க. அக்கா சொன்னதை எழுதி அவ முன்னாடி வச்சாங்க. என் அக்கா ஏழாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். இடது கையில பேனாவைப் பிடிச்சுப் பார்த்தா, முடியலை. லேபர் ஆபீஸ் சார் மைப்பெட்டியைத் திறந்து வச்சார். வலது கைக்கட்டுக்கு வெளியில கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியிருந்துச்சு. அதை மையில தோச்சு, கம்பி கட்டினேன்னு எழுதியிருந்த பேப்பர்ல அழுத்தி வச்சா. வைக்கிறப்ப வலிச்சிருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டா.

அது பொய்யின்னு தெரிஞ்சவங்க அந்த ஹால்ல மூணு பேர் இருந்தோம். ஒருத்தி கைநாட்டு வச்சா. ஒருத்தி வேண்டாம்னு கத்தினா, யாரும் கேக்கலை. நீங்க ஜிப்பை மூடி, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டுப் போனீங்க.

இந்து